விளக்கு அணையும் உயரம்

இருபத்தாறு நாள் அணையாமல் எரிந்த அகல் விளக்கு, இருபத்தேழாம் நாள் மாலை அணைந்து கிடந்தது.

எண்ணெய் இருந்தது. திரி பாதிகூடக் கருகவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. சினேகா குனிந்து ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் திரியருகே கொண்டுபோனாள். காற்றடித்தால் சுடர் ஒரு பக்கம் சாயும். இது சாயவில்லை. தரையை நெருங்க நெருங்கச் சுருங்கி, நீலப் பொட்டாகி, இல்லாமல் போயிற்று. இன்னொரு குச்சியும் அதே இடத்தில் அணைந்தது. மூன்றாவதும்.

பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் அகலை வைத்தாள். எரிந்தது.

அவள் அப்பா ஆதிமூலம் இறந்த அறை அது. சித்ரா பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, வெறுங்காலில் மலையைச் சுற்றி முடித்து, கொப்பளித்த பாதங்களோடு விடியற்காலையில் வேங்கிக்காலில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் ஏசி இருந்தது அந்தச் சின்ன அறையில் மட்டும்தான். கட்டிலை இழுத்துப் போடட்டுமா என்று சினேகா கேட்டாள்.

"கட்டில்ல படுத்தா முதுகு கேக்காதும்மா. பாயைப் போடு, போதும்."

அவள்தான் பாய் விரித்தாள். மதியம் சாப்பிட எழுப்பப் போனபோது கை சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். துக்கத்துக்கு வந்த ஒருவரும் அதைச் சாவு என்று சொல்லவில்லை. "மலையைச் சுத்திட்டு வந்து படுத்தவரை அண்ணாமலையாரு அப்படியே கூட்டிக்கினாரு. யாருக்குமா கெடைக்கும்?" என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சினேகா இத்தனை நாளும் தூங்கினாள்.

அவள் அம்மா கஸ்தூரி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். உயிர் போன இடத்தில் முப்பதாம் நாள் கும்பிடும்வரை விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் போனவருக்கு வழி தெரியாது. தினமும் ஏழு மணிக்குப் போன் வரும்.

"வெளக்கு எரியுதாமா?"

"எரியுதும்மா," என்றாள் சினேகா. அன்றைக்கு அது முழுப் பொய் இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அறை மூலையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

களுக்.

அந்த அறையில் ஏசி போட்டது மனிதர்களுக்காக அல்ல, பீருக்காக. அவள் கணவன் கலையரசன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். இரண்டு வருஷமாக வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். முளைகட்டிய பார்லியை வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, இருபது லிட்டர் தண்ணீர் கேனில் ஊற்றி மூடுவான். மூடியின் நடுவே வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் ஒரு மடக்குத் தண்ணீர். உள்ளே புளிக்கும்போது உண்டாகும் வாயு அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழியாக வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. அந்தக் குழாய்க்கு அவன் வைத்த பெயர் மூக்கு. மீட்டிங்கில் இருந்தாலும் எட்டிப் பார்த்துக் கேட்பான்: "மூச்சு விடுதா பாரு."

வெளியே தெரிந்தால் போலீஸ் வரும். ஆகவே ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, கதவடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து வைத்திருப்பான். வாசனை போகாது, ஏசிக் குளிரும் போகாது. அப்பா வந்த அன்று அறையில் ஐந்து கேன்கள் புளித்துக்கொண்டிருந்தன. இப்போது இருப்பது ஒன்றுதான். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று எப்போதும்போல் போர்வை சுற்றி மூலையில் நின்றது.

களுக். களுக்.

மறுபடி ஆரம்பித்துவிட்டானா? முப்பது கும்பிடும்வரைகூடப் பொறுக்க முடியவில்லையா? கேட்டுவிட வேண்டும் என்று ஹாலுக்குப் போனாள். கலையரசன் தரையில் முட்டி போட்டு நீல டேப்பால் ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கப்போகிற பாத்திரத்தின் அளவு அது.

"அறுபது லிட்டர். முழுக்க ஸ்டீல், அடியில கூம்பு," என்றான் நிமிராமல். "கசடு தானா கீழ எறங்கிடும். வால்வைத் திறந்தா வெளிய வந்துடும். தூக்கிச் சாய்க்கிற வேலையே இல்ல. பழைய ஃபிரிட்ஜுக்கு ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போட்டுட்டா ஏசியும் வேணாம்."

"சரிங்க."

"மூக்கிலேர்ந்து ஒரு டியூப் எடுத்து சுவத்துக்கு வெளிய விட்டுடலாம். ரூமுக்குள்ள மூச்சே விடாது."

அவள் கேட்கவில்லை. அப்பா போனபின் அவர்கள் இருவருக்கும் நடுவே பேச்சென்று மிஞ்சியது இந்தப் பாத்திரமும் வால்வும்தான். அதையும் கெடுத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னொன்றையும் அப்போது கவனித்தாள். அறையின் அளவை எடுக்கும்போது அவன் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்று, கையை நீட்டி, இஞ்ச் டேப்பை உள்ளே தள்ளி அளந்தான். சாவு விழுந்த இடம் என்று பயப்படுகிறான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பக்கெட்டின் மேல் இருந்த அகலும் அணைந்திருந்தது.

குச்சியைக் கிழித்து மெதுவாக இறக்கினாள். முழங்கால் உயரத்தில் சுடர் சுருங்கியது. தூக்கினாள், நிமிர்ந்தது. இறக்கினாள், அதே இடத்தில் நீலமாயிற்று. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் அறைக்குள் முழங்கால் அளவு நிற்பதுபோல் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு விளக்கை அதன்மேல் ஏற்றினாள். ஏற்றும்போது மூக்கில் ஏதோ பட்டது. பழைய பார்லி வாசனை இல்லை. விபூதியும் வியர்வையும், கொப்பளத்துக்கு அவள் தடவிவிட்ட தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை.

களுக், களுக். நின்றது. சினேகா அசையாமல் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு இடைவெளி. அப்புறம் நீளமாக, கடைசியில் மெல்லிய விசிலோடு ஒன்று: களுக்க்க்.

சிறுவயதில் அப்பாவுக்குக் காளை முட்டி மூக்கெலும்பு உடைந்திருந்தது. குறட்டை இரண்டு சின்னதாக வரும், நின்றுபோகும், இனி வராதோ என்று பயப்படும்போது விசிலோடு நீளமாக ஒன்று வரும். அந்த விசிலுக்காகக் காத்திருந்துதான் அவள் சிறுவயதில் தூங்குவாள்.

"வெளக்கு எரியுதாமா?"

"எரியுதும்மா."

"நாளன்னிக்கு முப்பது. நாங்க காலையிலயே வந்துடுறோம். அதுவரைக்கும் அணையாம பாத்துக்கோ தாயி. கும்பிட்டுட்டா அவரு நிம்மதியா போயிடுவாரு."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. தான் படுத்திருந்த கட்டிலின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள். ஸ்டூலைவிடக் கொஞ்சம் கம்மி.

இருபத்தொன்பதாம் நாள் பௌர்ணமி. தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கூட்டம் மத்தியானத்திலிருந்தே வீட்டைக் கடந்து மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. செருப்பில்லாத ஆயிரம் கால்கள் உரசும் சத்தம் ஓயவே இல்லை. வெயில் தணிந்த பிறகு வெல்டிங் பட்டறை பீர் முகம்மது பாய் அளவெடுக்க வந்தார். ஜூஸ் கம்பெனி ஆரம்பிக்கப்போவதாகக் கலையரசன் அவரிடம் சொல்லி வைத்திருந்தான்.

"ஜூஸுக்கு அடியில கூம்பு, மேல குழாயி. இன்னா ஜூஸோ போ," என்று பாய் சிரித்தார். "சரி, எக்ஸாஸ்ட் ஃபேன் எங்க?"

"கீழ பாய். தரையிலேர்ந்து அரை அடி."

"எல்லாரும் மேல வெப்பான், நீ கீழ வெக்கச் சொல்றே. எலிக்கு வேர்க்குதா?"

"கீழதான் பாய். மொதல்ல அதைப் போட்டுட்டு அப்புறம் பாத்திரம்."

பாய் அறைக்குள் போனார். இஞ்ச் டேப்பின் முனை கைநழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தவர், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்து, வாய் திறந்து மூச்சு வாங்கியது.

"இன்னாபா, கீழ குனிஞ்சா மண்டை கிர்ருங்குது? கேஸு கீஸு லீக்கா?"

கலையரசனின் முகத்தில் அப்போது வந்த பயத்தைச் சினேகா அதுவரை பார்த்ததில்லை.

"வெளிய வாங்க பாய். மொதல்ல வெளிய வாங்க!"

கையைப் பிடித்து இழுத்து வந்து கதவைச் சாத்தினான். ஏசி கேஸாக இருக்கும் என்றான். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வண்டி நிறுத்தியிருந்த தெருமுனைவரை கூட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனான்.

வீட்டில் சினேகா மட்டும் இருந்தாள்.

மணி ஏழாகப் போகிறது. அம்மா கூப்பிடுவாள். கூப்பிடும்போது விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு நாள். கதவைத் திறந்தாள்.

ஸ்டூலின் மேல் இருந்த அகல் அணைந்திருந்தது.

உள்ளே இருட்டு கனமாக இருந்தது. ஜன்னல் டேப்பின் ஓரத்தில் நிலா வெளிச்சம் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. குச்சியைக் கிழித்தாள். முகத்துக்கு நேராக எரிந்தது. கழுத்துவரை இறக்கினாள். எரிந்தது. மார்புவரை.

நீலம்.

அணைந்தது.

இன்னொன்று. மார்பு. அணைந்தது.

களுக். களுக்.

அப்பா, ஒரு நாள் பொறுத்துக்கோங்கப்பா. நாளைக்குக் கும்பிட்டுடுறோம். உதடு அசைந்தது. குச்சிப்பெட்டி கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

குளிர்ச்சியாக இருந்தது. புளிப்பாக, ஊசிபோல் மூக்கில் ஏறியது. முழங்கால் தானாக மடங்கியது. அப்பாவுக்குப் பாய் விரித்திருந்த இடம். இங்கே படுத்தால் நன்றாக இருக்கும். கால் எரியாது. காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், விசில்.

அக்குளில் ஒரு கை நுழைந்து அவளைத் தூக்கியது. தரதரவென்று ஹாலுக்கு இழுத்து வந்து நாற்காலியில் சாய்த்தது. கலையரசன் இருமிக்கொண்டே கத்தினான்.

"குனியாதே! அங்க குனியாதே சினேகா! மூச்சை நல்லா இழு! இழு!"

இழுத்தாள். மூச்சு நெஞ்சில் கிழித்துக்கொண்டு போயிற்று. எதிரே அவன் நீல டேப் வட்டத்துக்குள் மண்டி போட்டு அழுதான்.

"உங்கப்பா மாரடைப்புல போகல," என்றான். "பீரு புளிக்கும்போது வர்ற கேஸு காத்தைவிடக் கனம். தரையிலதான் தேங்கும். அஞ்சு கேன், ஜன்னல்ல டேப், கதவடியில துண்டு. அவரு கட்டில்ல படுத்திருந்தா எழுந்திருச்சிருப்பாரு. பாயில படுத்தாரு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

பாய். அவள் விரித்த பாய். வெளியே யாரோ "அண்ணாமலையாருக்கு" என்று குரல் கொடுக்க, கூட்டம் "அரோகரா" என்றது.

"அப்புறம் எதுக்குங்க ஃபேனு, டியூபு, புதுப் பாத்திரம்?"

"திடீர்னு விட்டுட்டா ஏன் விட்டேன்னு நீ கேப்பியே. அதுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

போன் அடித்தது. இருவரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"தெரிஞ்சுமா திரும்பவும் ஊத்தினீங்க?"

"எதை?"

"அந்தக் கேன்ல. மூணு நாளா மூச்சு விடுதே, உங்களுக்குக் கேக்கலையா?"

அவன் அறைப்பக்கம் திரும்பினான். திறந்த கதவுக்குள் களுக், களுக் என்று கேட்டது. நின்றது. மூலையில் கேனைச் சுற்றியிருந்த போர்வை, படுத்திருப்பவரின் மார்புபோல் மெல்ல மேலெழுந்து, அப்படியே நின்று, விசிலோடு நீளமாகத் தணிந்தது. ஹாலில் அப்பா படத்தின் முன் தரையில் ஏற்றியிருந்த காமாட்சி விளக்கு சாயாமல், ஆடாமல், சுருங்கி, ஒரு நீலப் பொட்டாயிற்று.

கலையரசனின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

"அது காலி கேன், சினேகா. அஞ்சையும் நான் அன்னிக்கே கொட்டிட்டேன்."