நாற்பத்தொரு மூச்சுகள்

யாரோ மூன்று மாடி ஏறி வந்து பின்னால் நிற்பதுபோல் இருந்தது. ஹெட்போனுக்குள், அவள் பாடிய இரண்டாவது வரிக்குச் சற்று முன்னால், ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும்போது லேசாகக் கீச்சிட்டது. நடுவில் ஒருமுறை தடுக்கியது.

"அந்தக் கிசுகிசு இன்னும் மூச்சு வாங்குது," என்று மைக்கில் சொன்னாள். "நேத்தே வெட்டச் சொன்னேனே?"

கிசுகிசு என்பது அவள் வைத்த பெயர். ஊரே உருகும் சினிமாப் பாடகன். இந்த ஆல்பத்தில் அவளோடு ஜோடிப் பாட்டுகள் பாடுகிறவன். அவளோடு என்பதுகூடத் தப்பு. அவன் எங்கோ உட்கார்ந்து தன் பங்கைப் பாடி அனுப்பிவிட்டான். இவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தன் பங்கைப் பாட வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தன் செருப்பை அனுப்பி வைத்ததுபோல.

அவள் முப்பது வருஷம் ஓபரா மேடையில் நின்றவள். எழுபது வாத்தியங்களைத் தாண்டி, மைக் இல்லாமல், கடைசி வரிசையில் தூங்குகிறவரை எழுப்பும் தூரத்துக்குக் குரலை எறிந்தவள். மைக்கை முத்தமிட்டுக்கொண்டே முனகுகிறவர்களைப் பாடகர்கள் என்று அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனால் அடுத்த வருஷ ஓபராவில் நாயகி வேடம் இவளுக்கா, இவளிடமே படித்த மாணவிக்கா என்று அரங்கின் இயக்குநர் இன்னும் சொல்லவில்லை. "ஒரு பாட்டு அனுப்புங்க, மத்தியானம் கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றிருந்தார். அதற்காகத்தான் இந்தப் புழுக்கமான சின்ன அறையில், பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, காலையிலிருந்து நிற்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். குரல் மட்டும் ஹெட்போனில் வந்தது. "அவரோட மூச்சையெல்லாம் நேத்து சாயங்காலமே எடுத்துட்டேன் மேடம். ஒண்ணு விடாம."

அவர் பக்கத்தில் தங்கை. ஒப்பந்தம் முதல் தொண்டைக்கு வெந்நீர் வரை எல்லாம் அவள் பொறுப்பு. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பேசும் பொத்தானை எட்டி அழுத்தினாள்.

"அக்கா, அவரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். நேத்து சாயங்காலம் பேசிட்டிருக்கும்போதே மூச்சு நின்னுடுச்சாம். மெஷின்லதான் ஓடுதாம். நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, காரணம் தெரியலைன்னு டாக்டருங்க முழிக்கிறாங்களாம்."

"மூச்சுன்னு ஒண்ணு இருந்தாத்தானே நிக்கறதுக்கு? நாலு வார்த்தைக்கு ஒருதரம் இழுப்பான். தெருநாய் தேவலாம்."

"வாயைக் கழுவு அக்கா."

ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை. "மேடம், உங்க குரலை மட்டும் தனியா விடறேன். கேளுங்க."

வாத்தியங்கள் நின்றன. கிசுகிசு நின்றான். பஞ்சின் புழுதி வாசனையும், தன் காதுக்குள் ரத்தம் ஓடும் மெல்லிய இரைச்சலும் மட்டும் மிச்சமிருக்க, அந்த அமைதிக்குள்ளிருந்து அவளுடைய குரல் தனியாக வந்தது, முதல் வரி பாடி முடித்தது, பிறகு அந்த மூச்சு வந்தது. கீச்சிட்டது. தடுக்கியது.

அவளுடையதுதான்.

மேடையில் அவள் மூச்சை யாரும் கேட்டதில்லை. அதுதான் அவள் பெருமை. மாணவிக்குப் பாடம் சொன்னதும் அதைத்தான். கேட்டதில்லை என்றால், நாற்பதடி தள்ளி உட்கார்ந்தவர்கள் கேட்டதில்லை. இந்த மைக் நாலு விரல் தள்ளி இருந்தது.

"எடுத்துடுங்க," என்றாள். "எல்லாத்தையும்."

"இருக்கட்டும் அக்கா," என்றாள் தங்கை. "மனுஷி பாடற மாதிரி இருக்கு."

"மனுஷிங்க தெருவெல்லாம் இருக்காங்க. அதுக்கா என்னைக் கூப்பிடப் போறார் இயக்குநர்? இதைக் கேட்டார்னா நாளைக்கே எனக்கு மாலை போட்டு, வயசானவங்க வரிசையில உட்கார வெச்சுடுவார்."

"மொத்தம் நாற்பத்தொண்ணு இருக்கு மேடம்," என்றார் ஒலிப்பதிவாளர். "உங்க மைக்கை மூடிடறேன். பாட்டு உங்க காதுல ஓடும், நான் வெட்டிக்கிட்டே வரேன்."

மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. பாட்டு தொடங்கியது.

முதல் வெட்டு சுத்தமாக இருந்தது. கீச்சுச் சத்தம் இருந்த இடத்தில் வழுவழுப்பான மௌனம். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். இரண்டு. மூன்று. கேட்கக் கேட்கத் தன் குரலுக்கு இருபது வயது குறைந்ததுபோல் தோன்றியது. கிசுகிசுவும் எதிரே இடைவெளியே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தான். மூச்சில்லாமல் பாடும்போது அவன்கூடக் கொஞ்சம் தேறுகிறான் என்று நினைத்தாள்.

ஏழாவது வெட்டில் கொட்டாவி வந்தது. வாய் திறந்தது. கொட்டாவி முடியவில்லை.

சின்ன அறை, இறுக மூடிய கதவு, இரண்டு மணி நேரம். கெட்ட காற்று. வேறென்ன? நிமிர்ந்து நின்று, மாணவிகளுக்குச் சொல்லித்தருவதுபோல், விலா எலும்புகளை விரித்தாள். பாதி விரிந்தன. அதே நேரம் காதில் பன்னிரண்டாவது மூச்சு அறுந்தது. விலா எலும்புகள் நின்றன.

தற்செயல்.

அடுத்ததற்குக் காத்திருந்தாள். கண்ணாடி வழியே ஒலிப்பதிவாளரின் விரல் விசையைத் தொடுவது தெரிந்தது. தொட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுப்பதுபோல், அவ்வளவு சாதாரணமாக எடுக்கப்பட்டது.

நேற்றுச் சாயங்காலம். அவன் மூச்சுகளை வெட்டியதும் நேற்றுச் சாயங்காலம்.

நிறுத்துங்க என்றாள். சொல் உதட்டில் வந்தது, ஒலி வரவில்லை. மைக் மூடியிருக்கிறது. கத்த வேண்டும். கத்துவதற்குக் காற்று வேண்டும்.

இருபது.

கதவின் கைப்பிடி கனமானது. இரண்டு கையாலும் இழுத்தாள். விரல்கள் வழுக்கின. முழங்கால் மடிந்தது.

"கை பழகிடுச்சு மேடம், சீக்கிரம் முடிச்சுடறேன்," என்றது காதில் ஒலிப்பதிவாளரின் குரல், கண் திரையிலேயே இருக்க.

முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

சுவரைப் பிடித்து எழுந்தாள். கண்ணாடி. இரண்டு கைகளையும் அகல விரித்து அதன்மேல் சாய்ந்தாள். வாயைத் திறந்தாள். முடிந்தவரை. தாடை வலிக்கும்வரை.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷமாகப் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று அவள் பார்த்த தோற்றம்தான்: விரித்த கைகள், மேலே செருகிய கண்கள், முழுதாகத் திறந்த வாய்.

"கூடவே பாடறியா அக்கா? இங்கே கேக்கலை. ஆனா பாட்டு... ஐயோ, தேவதை மாதிரி இருக்கு. இயக்குநர் உன்னைத்தான் கூப்பிடுவார், பாரேன்."

இல்லை. இல்லை. இல்லை.

"கடைசி ஒண்ணு," என்றார் ஒலிப்பதிவாளர்.

தொட்டார்.

நெஞ்சு அடங்கியது. வலிகூட இல்லை. காதில் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவனும் அவளும், வரிமேல் வரியாக, எங்கும் நிற்காமல், எங்கும் மூச்சு வாங்காமல், இதுவரை அவள் பாடியதிலேயே மிக அழகாக.

தங்கை சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, விளையாட்டாகக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். இரண்டு வாய்களுக்கும் நடுவில் ஒரு விரல் கனம் கண்ணாடி. அந்தப் பக்கம் ஆவி வட்டமாகப் படிந்தது, மறைந்தது, படிந்தது.

இந்தப் பக்கம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.