ஆறு பதின்மூன்றுக்கு அறுந்த கம்பி

"சார், நான் அறுக்கல. அறுப்பேன்னு நூறு தடவ சொன்னேன். ஆனா அறுக்கல."

நாற்காலியில் உட்காரும் முன்பே செருப்புக்கடைக்காரர் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டார். சர்வேயர் பேனாவை மூடி வைத்தார். எரிந்த குடோன், நசுங்கிய லாரி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் சொல்வதில் பொய் எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருவது அவர் தொழில். அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் கடைக்காரர் தேடி வந்திருந்தார். இருபது வருடத்தில், தனக்கே பாதகமாகப் பேசிய முதல் ஆள் இவர்தான்.

"எத அறுக்கல?" என்று பாய்ந்தார் சர்வேயரின் மச்சினர். சேதங்களைப் படம் பிடிப்பது அவர் வேலை. எந்தக் கேஸையும் முதல் ஐந்து நிமிடத்தில் தப்பாக முடித்துவைப்பது அவர் பொழுதுபோக்கு.

"ஏரியல் கம்பிய. என் வீட்டுக்காரியோட ஹாம் ரேடியோ கம்பி."

கடைக்காரரின் மனைவி பகலில் பல்செட் செய்பவர். மாலையில் மோர்ஸ் தட்டுபவர். ஊரில் அந்தப் பைத்தியம் பிடித்த சிலர் சங்கம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே ரேடியோவில் புள்ளியும் கோடுமாகப் பயிற்சி. போன சனிக்கிழமை மட்டும் அது பயிற்சி அல்ல, தேர்வு. ஆறரைக்கு யார் நன்றாகத் தட்டுகிறாரோ அவர் பெரிய போட்டிக்குப் போகலாம். ஆறு பதின்மூன்றுக்கு, பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மாளின் ரேடியோ ஊமையாகிவிட்டது. கால் மணி நேரம் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். கம்பி அறுந்திருந்தது. கீழே வந்தால் கணவர் குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வீட்ல வேற யாரும் இல்ல. அவ ஒரு வார்த்த பேசல. பெட்டியோட அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இன்னியோட அஞ்சு நாள்."

"அறுப்பேன்னு ஏன் சொன்னீங்க?"

கடைக்காரர் முகம் சிவந்தது. "பின்ன? என்கிட்ட பேசும்போது சிரிக்காதவ, அந்த டிட் டா டிட் கேட்டுச் சிரிக்கிறா சார். எவன் என்ன சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா, இவர்தான்," என்று சர்வேயர் காதில் கிசுகிசுத்தார் மச்சினர். கிசுகிசுப்பு தெருவரைக்கும் கேட்டது.

மூவரும் கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். மொட்டைமாடிக்கு வெளிப்பக்கமாகவே இரும்புப் படி இருந்தது. யாரும் ஏறலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பி ஒரே வெட்டாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட நீளம் தரையில் கிடக்கவில்லை. வளையம் வளையமாகச் சுருட்டி, முனையை உள்ளே செருகி, தொட்டிக் குழாயில் அழகாக மாட்டியிருந்தது.

"இத யார் சுருட்டினது?"

"தெரியாது சார். அவ பாத்தப்பவே இப்படித்தான் இருந்துதாம், அவ அக்கா போன்ல சொன்னாங்க."

சர்வேயர் அந்த வளையத்தை வெகுநேரம் பார்த்தார். "மாப்பிள்ள, இத ஒரு படம் எடுங்க. ஆத்திரத்துல அறுக்கிறவன் அறுத்துட்டு ஓடுவான். இவன் நின்னு மடிச்சு வச்சிருக்கான்."

அன்று மாலையே சங்க அறையில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் வீட்டுக் கார் ஷெட்தான் சங்க அறை. தலைவர் ஓய்வுபெற்ற மின்வாரிய இன்ஜினியர். கார் ஷெட்டிலும் கோட்டுப் போட்டிருந்தார். அவரது வீடு கடைக்காரர் வீட்டுக்குப் பின்தெருவில், மூன்று நிமிட நடை. சுவரில் சங்க விதிகள் பன்னிரண்டும், ஒவ்வொன்றின் கீழும் அவர் கையெழுத்தும் இருந்தன. பல்செட் அம்மாள் அக்கா வீட்டிலிருந்து வந்து, கணவர் இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் பஸ் கண்டக்டர். சங்கத்துக்குப் புதுசு என்பதால் நேரக் குறிப்பு எழுதும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது.

"சனிக்கிழமை ரேடியோவுல இருந்தது நாங்க மூணே பேர்தான்," என்றார் தலைவர். "நான் பத்து நிமிஷம் பாடம் தட்டிட்டு இருந்தேன். இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க. கண்டக்டர் வீடு ஊர்க்கோடி, பஸ்ல முக்கால் மணி. மிச்சம் யாருன்னு நான் சொல்லணுமா?" அவர் கடைக்காரரைப் பரிவோடு பார்த்தார். "போட்டிக்கு நானே போக வேண்டியதாப் போச்சு. சங்கத்துக்காக."

"பாடம் எப்படி நடக்கும்?" என்றார் சர்வேயர்.

"ஒவ்வொரு பத்திக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்துவேன். வேகம் ஜாஸ்தின்னா யாரும் கேக்கலாம். உடனே குறைப்பேன். முதல் விதியே அதுதான், பாருங்க. முப்பது வருஷத்துல, கேட்டு நான் குறைக்காத ஆள் கிடையாது."

"ஆமாங்க," என்றார் அம்மாள். "குறைச்சுட்டு, குறைச்சேன்னு மூணு வாரம் சொல்லிட்டு இருப்பாரு."

சர்வேயர் கண்டக்டரின் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். டிரிப் ஷீட் மாதிரியே இருந்தது. "6.08 தலைவர் பாடம் ஆரம்பம். 6.11 மெதுவாக என்று கேட்டேன். 6.14 கேட்டேன். 6.17 கேட்டேன். 6.18 பாடம் முடிந்தது, நன்றி என்றேன். 6.21 தலைவர் பதில்."

"மூணு தடவயும் குறைக்கலியா?"

"இல்லீங்க. ஒரே ஓட்டமா ஓடிட்டார். நாந்தான் தப்பாத் தட்டிட்டேன் போலன்னு விட்டுட்டேன்."

"தப்பில்ல. ஆறு பதினொண்ணுக்கு நீங்க கேட்டது எனக்கே தெளிவா விழுந்துது," என்றார் அம்மாள்.

"மாமா, அப்ப இவருக்குக் காது மந்தம்!" என்றார் மச்சினர்.

"காது அங்க இல்லவே இல்ல, மாப்பிள்ள," என்றார் சர்வேயர். "தலைவருக்குக் குறைக்கிறதுல ஒரு சுகம். நாலு பேர் முன்னாடி பெருந்தன்மையாத் தெரிய இவ்வளவு மலிவான வழி வேற எதுல கிடைக்கும்? மூணு தடவ வாய்ப்பு வந்தும் அவர் விட்டுட்டாருன்னா, தட்டினது அவர் இல்ல. முன்னாடியே தட்டிப் பதிஞ்சு வச்சா அப்படியே திருப்பித் தட்டுற சின்னப் பெட்டி ஒண்ணு உண்டு இல்லையா? அதுக்கு நிறுத்தத் தெரியும், கேக்கத் தெரியாது. ஆறு எட்டுக்குப் பெட்டிய ஓட விட்டுக் கிளம்பி, ஆறு பதிமூணுக்கு வெட்டி, திரும்பி வந்து, நன்றிக்கு மூணு நிமிஷம் தாமதமாப் பதில் சொல்லியிருக்கார். வெட்டின கம்பியத் தரையில போட மட்டும் மனசு வரல. கம்பியோடவே வாழ்ந்த கை."

தலைவர் கோட்டுப் பித்தானைப் போட்டார்; கழற்றினார்; மறுபடி போட்டார்.

"முப்பது வருஷம்!" என்று திடீரென வெடித்தார். "முப்பது வருஷமா நான் தட்டுறேன். இந்தம்மா வந்து ஒண்ணரை வருஷம். ஏரியல் கட்டிக் குடுத்ததே நான். போன மாசம் என்னப் பார்த்து, 'கொஞ்சம் மெதுவா அனுப்பட்டுமா சார்'னு கேக்குது! என்னையப் போய்! அதுவும் மரியாதையாக் கேக்குது!"

அடுத்த சத்தம் கடைக்காரரிடமிருந்து வந்தது. விடுதலையான மனிதரின் சத்தமாக அது இல்லை.

"இருங்க. என் பொண்டாட்டியப் பாத்து இவ்வளவு பொறாமையா இவருக்கு? நான் கட்டின புருஷன். நானே வாயால சொன்னதோட நிறுத்திக்கிட்டேன். இவர் யாரு சார் எனக்கு மேல பொறாமப்பட?"

அம்மாள் ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தார். பெஞ்சிலிருந்து எழுந்து கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாங்க. அக்கா வீட்ல என் பெட்டி இருக்கு. நீங்கதான் தூக்கணும்."

"தூக்கறேன்," என்றார் கடைக்காரர். வாசலைத் தாண்டும் முன்பே அவர் குரல் தணிந்தது. "அந்தப் போட்டிக்கு எத்தன பேர் வருவாங்க?"

"நாப்பது பேர்."

"எல்லாரும் ஆம்பளைங்களா?"