திரைக்குள் ஓர் ஈர்க்குச்சி

அண்ணாமலையின் தலைக்கு மேல் சின்னதாக ஒரு மேகம், சாய்வாகப் படுத்திருந்தது.

"அம்மா, யாரோ மலைக்கு ஜபர் போட்டிருக்காங்க!" என்றாள் நஸ்ரின்.

ஜபர் என்பது அரபு எழுத்தின் மேலே இடும் சாய்வுக் கோடு. அதே கோடு எழுத்தின் கீழே வந்தால் ஜேர். 'பே' என்ற எழுத்துக்கு மேலே இருந்தால் 'ப' என்று ஓத வேண்டும். கீழே இருந்தால் 'பி'. பத்து வயது நஸ்ரினுக்குப் பார்ப்பதெல்லாம் எழுத்தாகத்தான் தெரியும். கொடிக் கம்பியில் உட்கார்ந்த மைனாகூட ஒரு புள்ளிதான்.

"காத்து போட்டிருக்கும். அதுவே அழிச்சிடும். நான் போடுறது மட்டும் அழியவே கூடாது," என்றாள் அம்மா மும்தாஜ், கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மலைக்குப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில், வீட்டிலிருந்தே அம்மா இரண்டு வருடமாக எழுத்து வரைகிறாள். மதரஸாப் பிள்ளைகள் தொடுதிரைப் பலகையில் குர்ஆன் ஓதுவதற்கான எழுத்துரு அது. பாடம் தட்டச்சு செய்ய ஒரு விசைப்பலகையும் செய்திருந்தாள். ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பதினேழு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்.

"இந்தப் புள்ளி ஜாஸ்தி தள்ளி நிக்குதும்மா."

"எவ்ளோங்க ஹஸ்ரத்?"

"ஒரு எறும்போட மூக்கு அளவு."

அம்மா சலிக்காமல் எறும்பின் மூக்கைத் திருத்துவாள்.

அந்த எழுத்துகளைத் திரையில் ஓட வைத்தவர் பிரகாஷ். அவருடைய விசிட்டிங் கார்டை மூன்றாக மடிக்கலாம், அத்தனை பட்டங்கள். தன் பெயரைச் சொல்வதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில் பெற்றோர் எல்லாரும் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் ஆறு வயது ரைஹானா பலகையைப் பார்த்து ஓத வேண்டும். அதற்குச் சனிக்கிழமை ஒத்திகை வைத்தார்கள்.

ரைஹானா திரையில் விரலை வைத்தாள். தொட்ட வரி விளக்குப் போட்டது போல மின்னியது. முதல் சொல்லிலேயே தடுமாறினாள். இரண்டாவது சொல்லில் நின்றாள். மூன்றாவதில் உதடு பிதுங்கியது.

"புத்தகத்துல மழை மாதிரி ஓதுவாளே!" என்றார் ஹஸ்ரத்.

பிரகாஷ் செருமினார். "என் செயலி உலகத்தரம். எழுத்துலதான் கோளாறு. கவலைப்படாதீங்க, எங்கிட்ட வேற எழுத்து ரெடியா இருக்கு. தங்கக் கலர். ஒவ்வொண்ணும் ஜொலிக்கும்."

"ஜொலிக்க வேணாம். ஓத வந்தா போதும்," என்றார் ஹஸ்ரத். பிறகு அம்மாவைப் பார்க்காமலே சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பழைய புத்தகமே இருக்கட்டும்மா. வேதத்துல ஒரு கோடு மாறினாலும் தப்பு."

அம்மா பலகையின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

ரைஹானா மூலைக்குப் போய் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நஸ்ரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஓதத் தெரியும்க்கா."

"தெரியும். எனக்கு மட்டும் ஓதிக் காட்டேன், உன் புத்தகத்துல."

ரைஹானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையைத் திறந்தாள். புத்தகத்தோடு ஒரு புது ஈர்க்குச்சியும் வந்தது. தென்னை ஓலையிலிருந்து சீவியது. அதன் நுனியை எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு வலமிருந்து இடமாக ஓதினாள். ஒரு தடுமாற்றம் இல்லை. குச்சி நடந்தது, பின்னாலேயே குரல் நடந்தது.

நஸ்ரின் அந்தக் குச்சியையே பார்த்தாள். கனவில் பார்ப்பது போல, கண் இமைக்காமல். பிறகு பலகையை எடுத்து வந்து தன் விரலைத் திரையில் வைத்தாள்.

"அம்மா! ஜேரைக் காணோம்!"

"அய்யோ, விட்டுப்போச்சா?" அம்மா பதறி ஓடி வந்தாள்.

"இருக்கு. என் விரலுக்கு அடியில இருக்கு!"

எல்லாரும் குனிந்தார்கள். விரல் வைத்தால் கீழ்க்கோடெல்லாம் மறைந்தது. எடுத்தால் வந்தது. இரண்டு வருடமாக அம்மாவும் பிரகாஷும் மௌஸ் பிடித்தே பார்த்தவர்கள். மௌஸுக்கு ஏது விரல்?

நஸ்ரின் ஈர்க்குச்சியால் திரையைத் தொட்டாள். ஒன்றும் மின்னவில்லை.

"தொடுதிரைம்மா இது," என்றார் பிரகாஷ். "துடைப்பத்துக்கெல்லாம் மதிப்புக் குடுக்காது."

"அப்போ குச்சியை உள்ளேயே வரைஞ்சிடலாமே அங்கிள்? விரல் கீழே, குச்சியோட அடியைப் பிடிச்சிக்கட்டும். நுனி மட்டும் எழுத்துகிட்ட போகட்டும்."

பிரகாஷ் செருமப் போனார். பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தன் மடிக்கணினியைத் திறந்தார்.

அம்மா குச்சியை வரைந்தாள். வரிகளுக்கு நடுவே விரல் நடக்க ஒரு வெள்ளைச் சந்து விட்டாள். பிரகாஷ் மூன்று மணி நேரம் பேசாமல் வேலை செய்தார். அது அவருக்கே புதிய அனுபவம். மாலையில் ஹஸ்ரத் பூதக்கண்ணாடியை எடுத்தார், பார்த்தார், தலையசைத்துவிட்டு உறைக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரைஹானா ஓதினாள். திரைக்குள் குச்சி மிதந்து போனது. கூடம் முழுக்க அந்தக் குரல் மட்டுமே இருந்தது. விசிறிகூட மெதுவாகச் சுற்றுவது போலிருந்தது. ஓதி முடித்ததும் ஹஸ்ரத் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதையே குடுத்திடலாம்மா."

பிறகு பிரகாஷ் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இது எங்கள் நிறுவனத்தின் அதிநவீன, நுண்ணறிவு, திசைகாட்டும்..."

"அங்கிள், அது ஈர்க்குச்சி," என்றாள் ரைஹானா, ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே.

கூடம் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து பிரகாஷும் சிரித்தார்.

வெளியே வந்தபோது மலைக்கு மேல் வேறொரு மேகம் வந்திருந்தது. நஸ்ரின் கையை நீட்டினாள். மலை மறையாமல் விரலைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு, வலமிருந்து இடமாக வானத்தை வாசித்தாள்.