துடைத்த பொட்டு

மாமாவின் படத்துக்குக் காலையில் வைத்த பொட்டு மாலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் யசோதினி குளித்துவிட்டு, இறந்துபோன மாமனார் ராஜலிங்கத்தின் படத்தைத் துடைத்து, சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள். இப்போது விளக்கேற்ற வந்தவள் தீப்பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். படத்தின் கண்ணாடியில், நெற்றிக்கு நேரே, ஒரு மங்கலான சிவப்புக் கோடு. கட்டைவிரலால் ஒரே இழுப்பில் யாரோ துடைத்திருந்தார்கள். பகல் முழுக்க வீட்டில் அவள் மட்டும்தான்.

வெளியே ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய மூடுபனி தேயிலையை மறைத்துக்கொண்டு முற்றம் வரை வந்திருந்தது. கீழே கண்டியின் வாகன இரைச்சல் அடங்கி, தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

கணவனை அழைத்தாள்.

"அப்பா முகம் கழுவியிருப்பாரு, விடு யசோ," என்று மோகனராஜ் சிரித்தான். "த்ரீவீல்ல ஏறப் போறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிட்டு வரவா?"

"பாணும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீங்க வாங்க."

அப்படி ஒரு இழுப்பை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் வேலை செய்யும் சுற்றுலா நிறுவனம் போன மாதம் இருவரையும் அந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தது. வெளியாட்களை எளிதில் உள்ளே விடாத கம்யூனிஸ்ட் நாடு. தனியாக எங்கும் நடக்க முடியாது. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு போட்ட வழிகாட்டிப் பெண் கழிவறை வாசல் வரை கூடவே வந்தாள். ஹோட்டல் கூடத்தில் தலைவரின் பெரிய படம் இருந்தது. செத்துப்போன பழைய தலைவர் என்று யசோதினி நினைத்தாள். படத்தில் இருந்தது உயிரோடிருக்கும் மகன்; அப்பனும் மகனும் ஒரே முகம். அன்றும் வெள்ளிக்கிழமை. மரியாதைக்குத்தான் கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்துப் படத்தின் நெற்றியில் வைத்தாள்.

வழிகாட்டி வெளுத்துப்போய், இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மோகனராஜ் சிரித்துக்கொண்டே விளக்கினான். எங்கள் ஊரில் படத்துக்குப் பொட்டு வைத்தால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தவன் பேனாவைக் கீழே வைத்தான். வழிகாட்டி கட்டைவிரலால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, சிவந்த விரலைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேறொருத்தி வந்தாள். அதே கோட்டு. கோட்டின் கை அவளுக்கு நீளமாக இருந்தது. பையின் ஓரத்தில் குங்குமக் கறை. நேற்று வந்தவர் எங்கே என்று கேட்டதற்கு, "நேற்றும் நான்தான் வந்தேன்" என்றாள்.

அதன் பிறகு இருவரும் அதைப் பேசவேயில்லை.

யசோதினி குங்குமச் சிமிழைத் திறந்தாள். காலையில் சமமாக இருந்த குங்குமத்தில் ஒரு பள்ளம். விரல் அமுக்கிய பள்ளம். அவள் விரலைவிடச் சிறியது.

ஈரக் கம்பளியின் வாடை வந்தது.

மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பயணத்தின் முதல் நாள் படம். தலைவரின் சிலைக்கு முன்னால் மூன்று பேர். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் மோகனராஜ், நடுவில் வழிகாட்டி. இரண்டு கையும் உடம்போடு ஒட்டி, விறைப்பாக. "பொலிஸ் பரேட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறா" என்று மோகனராஜ் கேலி செய்துகொண்டேதான் அதை மாட்டினான்.

இப்போது ஒரு கைதான் கீழே இருந்தது.

மற்றது உயர்ந்திருந்தது. கட்டைவிரல் மோகனராஜின் நெற்றியில். விரலுக்கடியில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

யசோதினி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

வளைவில் த்ரீவீல் ஏறி வரும் சத்தம். கிட்ட வந்தது. இன்னும் கிட்ட.

நின்றது.

கதவு தட்டப்படவில்லை. அவன் கூப்பிடவில்லை. தகரத்தில் நீர் மட்டும் சொட்டியது.

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே பொட்டு மெல்ல ஈரமாகி, அவன் மூக்கின்மேல் வழியத் தொடங்கியது.