தோகாவில் கேட்ட குரல்

"கத்தரிக்காயிலை கை வைக்க வேண்டாமெண்டு சொல்லு."

இராசமணி இதை மருமகளிடம் சொல்லவில்லை. மருமகள் தக்ஷாயினி பக்கத்தில்தான் நின்றாள், கையில் கத்தியோடு. ஆனால் இராசமணியின் கண் மகன் லதீசன் மேல் இருந்தது.

லதீசன் தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

தக்ஷாயினி கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள்.

"அவளுக்குப் படைக்கிற சாப்பாடு. ஆர் சமைக்கிறது, ஆர் தொடுறது எண்டு ஒரு முறை கிடக்கெல்லோ... மனச்சாட்சி உள்ளவை தாங்களே விலகி நிப்பினம்."

"அம்மா... விடுங்கோவன்."

"என்னத்தையடா விட? என்ரை பிள்ளையை விட்டிட்டன். இனி என்ன கிடக்கு விடுறதுக்கு?"

அன்று ஹம்சிகாவின் ஆட்டத்திவசம், அவள் இறந்து ஒரு வருடம். லதீசனின் ஒரே தங்கை. முப்பது வயதை அவள் காணவில்லை. நோர்வேயின் தலைநகரில், ரொம்மனில் அவர்கள் குடியிருந்த அந்த வீட்டில் ஒரு வருடமாக மாமி மருமகளோடு நேரே ஒரு சொல் பேசியதில்லை. அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

தக்ஷாயினியின் கைப்பேசி அதிர்ந்தது. எலியாஸ், மேடையில் அவளுக்கு வாசிக்கிறவன். 'இன்று மாலை ஒத்திகை. நீ வராவிட்டால் வேறு பாடகியைப் போடச் சொல்கிறார்கள். என்னால் இனியும் தள்ளிப்போட முடியாது.'

அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். ஏதாவது பாத்திரம் கழுவலாம் என்று அலுமாரியைத் திறந்தாள். பின்வரிசையில் அந்தச் சிவப்புப் பிளாஸ்க் நின்றது. மூடியில் தூசி. அலுமாரியை மூடினாள்.

*

தக்ஷாயினி வளர்ந்தது அதே நகரத்தில், எல்லிங்ஸ்ருட்டில். சனிக்கிழமைகளில் அப்பா அவளைத் தமிழ்ப் பாடசாலைக்கும் சங்கீத வகுப்புக்கும் கூட்டிப்போவார். சங்கீத ரீச்சர் மூன்று வருடம் பொறுத்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "சுருதி நிக்குது. ஆனால் குரலுக்கை மணல் கிடக்கு. கச்சேரிக்குச் சரிவராது. வீணை பழக்குங்கோ."

அந்த மணலை முதலில் விரும்பியவள் ஹன்னா. நோர்வேப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். "அதைக் கழுவிவிடாதே" என்றாள். பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினாள். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் பாட்டுகள். தேவாலயத்தில் முழந்தாளிட்டவர்கள் எழுந்து மதுக்கடைக்குள் போய் அழுதது போலிருந்தது தக்ஷாயினிக்கு. பாடுகிறவர்கள் எதையும் மறைக்கவில்லை. மூச்சு முட்டினால் முட்டியது. குரல் உடைந்தால் உடைந்தது. தனக்கும் இடமுள்ள ஒரு பாட்டு உலகத்தில் இருக்கிறது என்று அன்று அறிந்தாள்.

பகலில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்தாள், குழந்தைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டாள். இரவில் சின்ன மண்டபங்களில் பாடினாள். 'பாருகள் வழிய பாடித் திரியிறவள்' என்று சனம் கதைத்தது. அந்தக் கதைக்கு நடுவில் லதீசன் அவளைப் பெண் கேட்டு வந்தான். குரலைக் கேட்டுத்தான் வந்தான்.

இராசமணி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஹம்சிகா தாயின் கையைப் பிடித்துத் தக்ஷாயினியின் கச்சேரி ஒன்றுக்கு இழுத்துப் போனாள். வீடு திரும்பியதும் இராசமணி சொன்னது பிறகு குடும்பத்தில் பகிடியாகிவிட்டது.

"எடியே, நல்லாத்தான் பாடுறாய். ஆனால் செத்தவீட்டிலை குளறுற மாதிரியெல்லோ கிடக்கு! உன்னை ஒரு கல்யாண வீட்டுக்குப் பாடக் கூப்பிடேலாது."

ஹம்சிகா விழுந்து விழுந்து சிரித்தாள். இராசமணியும் சிரித்தாள். ஆனால் அடுத்த கச்சேரிக்கு முன் ஒரு சிவப்புப் பிளாஸ்க்கில் இஞ்சி தட்டிப்போட்டு மல்லித்தண்ணி அவித்து நீட்டினாள். "தொண்டைக்கு. சூடு ஆறமுதல் குடி." அதன் பிறகு அந்தப் பிளாஸ்க் இல்லாமல் தக்ஷாயினி ஒரு மேடையும் ஏறியதில்லை. முன் வரிசையில் ஹம்சிகா, மேடைக்குப் பின்னால் பிளாஸ்க். பெரிய மண்டபங்கள் வந்தன. பேர்கன் நகரில் இசை விழா வந்தது. முதல் இசைத்தட்டு வந்தது.

பிறகு ஹம்சிகாவுக்குப் புற்றுநோய் வந்தது.

*

மருந்து பிடித்திருக்கிறது என்று எல்லோரும் நம்பிய ஒரு மாதத்தில் இராசமணி ஊருக்குப் போனாள். கந்தசஷ்டிக்கு மகள் பெயரில் நேர்த்தி. அவள் போன பிறகு நோய் திரும்பியது. வைத்தியர் லதீசனை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவை மூடிச் சொன்னார்.

"மாமியைக் கூப்பிடுங்கோ" என்றாள் தக்ஷாயினி. "இப்பவே ரிக்கெட் மாத்துங்கோ."

"அம்மா நெஞ்சு வருத்தக்காரி. தனியா நிக்கிறா. தனியாப் பறக்கோணும். சொன்னால் வழியிலையே போயிடுவா... விரதம் முடிஞ்சு தானே வரட்டும்."

தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் சொன்னான். "நித்திரை கொள்ளுறாள் அம்மா. நாளைக்குக் கதைப்பாள்."

இராசமணி கொழும்பில் விமானம் ஏறிய நேரத்தில் ஹம்சிகா போய்விட்டாள்.

வழியில் நிற்கிறவருக்குச் சாவைச் சொல்லக்கூடாது. அது அவர்கள் வழக்கம். வீட்டுக்கு வந்து, செருப்புக் கழற்றி, வாயில் ஏதாவது வைத்த பிறகுதான் சொல்வார்கள். லதீசனும் சித்தப்பா பத்மநாதனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதைத்தான் முடிவு செய்தார்கள். ஒரே ஒரு சிக்கல். அன்று மாலை தக்ஷாயினியின் கச்சேரி. இணையத்தில் நேரடியாகப் போகும் கச்சேரி. தோகாவில் விமானம் மாறி ஏறும்போது பார்ப்பதாக இராசமணி சொல்லியிருந்தாள். நிறுத்தினால் காரணம் எழுதுவார்கள். சனம் இராசமணிக்கு ஃபோன் எடுக்கும்.

"நீர் பாடவேணும்" என்றான் லதீசன்.

"விசரே உங்களுக்கு? நான் அவளின்ரை கண்ணை மூடிவிட்டு இன்னும் கை கழுவேல்லை!"

"என்ரை அம்மாவுக்காக... கும்பிட்டுக் கேக்கிறன்!"

அவள் பாடினாள். முன் வரிசையில் ஹம்சிகாவின் கதிரையில் யாரோ ஒருவர் மேலங்கியை வைத்திருந்தார். என்ன பாடினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. பத்திரிகைகள் எழுதின. இந்த நகரத்தில் இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை என்றன. அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய இரவு அது. ஒரு வரியையும் அவள் வாசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை இராசமணிக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். இரண்டு பிஸ்கற் சாப்பிட வைத்தார்கள். பிறகு சொன்னார்கள்.

இராசமணி முதலில் அழவில்லை. தக்ஷாயினியைப் பார்த்தாள்.

"நீ ராத்திரிப் பாடினனியே... அதைப் பார்த்துத்தானே நான் பிளேனிலை நிம்மதியா நித்திரை கொண்டனான்! பிள்ளை சுகமா இருக்கிறாள், இல்லாட்டி இவள் பாடுவாளோ எண்டு... செத்தவீட்டுத் துடக்கோடை மேடை ஏறினனியே பாவி! உன்ரை குரல் எனக்குப் பொய் சொல்லிப்போட்டுதடி! இனி அது என்ரை காதிலை விழக்கூடாது!"

தக்ஷாயினி கணவனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான். அவன் சொல்லட்டும் என்று நின்றாள். அவன் சொல்லவில்லை.

அன்று இரவு லதீசன் அவள் காலைப் பிடித்தான். "நான் மறைச்சதாலைதான் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கேல்லை எண்டு தெரிஞ்சால் அம்மா என்னை உயிரோடை மன்னிக்கமாட்டா. முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும். சொல்லுறன்."

முப்பத்தொன்று முடிந்தது. பனி விழுந்து கரைந்தது. அவன் சொல்லவில்லை. அவள் பாடவில்லை. குசினியில் முணுமுணுக்கவும் இல்லை.

*

ஐயர் வந்து கிரியைகளை முடித்துவிட்டுப் போனார். ஹம்சிகாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வடை, பாயாசம். ஓரத்தில் அவளுக்குப் பிடித்த கறுவாப் பணிஸ் ரொட்டி ஒன்று. தக்ஷாயினி அறை வாசலில் நின்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"என்ன பாட்டுக்காரி, சத்தத்தையே காணேல்லை?" என்றார் பத்மநாதன் சித்தப்பா. பகிடி என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் எல்லாம் தெரியும். அவரும் ஒரு வருடம் வாய் திறக்காதவர்தான்.

அழைப்புமணி அடித்தது.

எலியாஸ் நின்றான். நெட்டையன், பியானோ வாசிக்கிறவன். கையில் வெள்ளைப் பூக்கள். ஹம்சிகா கட்டிக்கொடுத்த றோல்ஸ் சாப்பிட்டுப் பழகியவன். இந்த வீட்டில் சப்பாத்தை எங்கே கழற்ற வேண்டும் என்று தெரிந்தவன். பூவைப் படத்தின் முன் வைத்தான். பிறகு இராசமணியின் பக்கம் திரும்பி, நோர்வே மொழியில் மெதுவாகச் சொன்னான்.

"ஒரு வருடமாக உங்களிடம் சொல்ல நினைத்தேன். அன்றைக்கு மேடைக்குப் பின்னால் இவள் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். நிற்க முடியவில்லை. நான் நிறுத்துவோம் என்றேன். உங்கள் மகன் எனக்கு ஃபோன் எடுத்து அழுதார். அம்மா இன்னும் தோகாவில்தான் இருக்கிறார், பார்ப்பார், எப்படியாவது பாட வையுங்கள் என்றார். அன்று இவள் உங்களுக்காகத்தான் பாடினாள். அப்படி ஒரு அன்பை நான் கண்டதில்லை."

இராசமணி மகனின் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்?" என்றாள் இராசமணி.

லதீசன் எலியாஸைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்.

"ஹம்சியைப் பற்றி... நல்ல பிள்ளை எண்டு சொல்லுறான் அம்மா."

"வேறை?"

"அவ்வளவுதான்."

இராசமணி எழுந்தாள். மகனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இருவது வருசம் இந்த நாட்டிலை கிளீனிங் செய்தனான், லதீஸ். வடிவாக் கதைக்கத் தெரியாது. ஆனால் 'டின் சொன்' எண்டால் உன்ரை மகன் எண்டு விளங்கும். அழுறது எண்டால் என்னெண்டு விளங்கும். தோகா எண்டதும் விளங்கினது. நீயே சொல்லு. முழுக்கச் சொல்லு."

"அம்மா..."

"அவளின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லடா!"

அவன் சொன்னான். வைத்தியர் அறையில் தொடங்கினான். பாதியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே மீதியைச் சொன்னான். பத்மநாதன் சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப... நான் வந்திருக்கலாம்." இராசமணியின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "ரிக்கெட் மாத்தியிருந்தால் வந்திருக்கலாம். என்ரை பிள்ளையை மடியிலை வைச்சிருந்திருக்கலாம்..."

"அம்மா, என்னை அடியுங்கோ..."

"அடிச்சு என்ன? ஒரு வருசம்! அவளின்ரை கையாலை ஒரு மிடறு தண்ணி நான் வாங்கேல்லையடா! பார்த்துக்கொண்டிருந்தனியே... சோறு திண்டுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தனியே!"

அவள் திரும்பினாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக மருமகளின் முகத்தை நேரே பார்த்தாள்.

"கடைசியிலை ஆர் பக்கத்திலை நிண்டது?"

"நான்தான் மாமி. அவர் வெளியிலை ஃபோனிலை நிண்டவர்."

யாரோடு ஃபோனில் என்று இராசமணி கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். கொழும்பு விமான நிலையத்தில் அந்தக் கடைசி 'நித்திரை கொள்ளுறாள்' அவள் காதில்தான் விழுந்தது.

"ஏதும் கேட்டவளோ?"

"கேட்டவள்... அம்மா எங்கை நிக்கிறா எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"வந்துகொண்டிருக்கிறா எண்டு சொன்னனான்."

"அதுவும் பொய்யே?"

"இல்லை மாமி. அப்ப நீங்கள் பிளேன் ஏறுற நேரம். உண்மையாவே வந்துகொண்டுதான் இருந்தனீங்கள்."

இராசமணி மருமகளின் மேல் சாய்ந்தாள். சுவர் சாய்வது போல. தக்ஷாயினி தாங்கிப் பிடித்தாள். கிழவியின் அழுகை அவள் தோளுக்குள் போயிற்று.

"என்ரை பிள்ளை... அண்டைக்கு அந்தப் பாட்டுக்கை அழுகை கிடந்ததடி. நான் கேட்டனான்... இவள் எப்பவும் இப்பிடித்தானே பாடுறவள் எண்டு விட்டிட்டன்! உன்ரை குரல் பொய் சொல்லேல்லை. நான்தான் வடிவாக் கேக்கேல்லை..."

தக்ஷாயினியும் அழுதாள். சத்தமாக. அந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் எழுப்பிய முதல் சத்தம் அது.

"வா. படையலிலை முதல் சோறு நீ போடு" என்றாள் இராசமணி. "நான் வைச்சதை எடுத்திட்டு, புது இலை போட்டு, நீ போடு. அவளுக்கு நீ போட்டால்தான் இறங்கும்."

*

சாப்பாடு முடிந்தது. எலியாஸ் கையால் சாப்பிட்டான். லதீசன் சாப்பிடவில்லை. யாரும் அவனைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

தக்ஷாயினி பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். அறைக்குப் போய் ஒரு சின்னப் பையோடு வந்தாள். மேலங்கியை மாட்டினாள். எலியாஸ் படியில் காத்துநின்றான்.

"எங்கை போறீர்?" லதீசன் கேட்டான்.

"ஒத்திகைக்கு. பிறகு அம்மா வீட்டை போறன், எல்லிங்ஸ்ருட்டுக்கு."

"எப்ப வருவீர்?"

அவள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"ஒரு வருசம் நான் பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு வசனம் சொல்லுவீங்கள் எண்டு. ஒரே ஒரு வசனம். அதைச் சொல்ல நோர்வேக்காரன் ஒருத்தன் பூவோடை வரவேண்டிக்கிடந்தது."

"நான் பிழை செய்திட்டன். மன்னிச்சிடும்..."

"இண்டைக்குக் கேக்காதேங்கோ."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகம் வருத்தியிருக்க வேண்டும்.

"பொறு பிள்ளை!"

இராசமணி குசினியிலிருந்து வந்தாள். கையில் சிவப்புப் பிளாஸ்க். தூசி துடைத்திருந்தது. மூடியின் ஓரத்தால் மெல்லிய ஆவி. மல்லியும் இஞ்சியும் மணத்தன.

"சூடு ஆறமுதல் குடி" என்றாள். பிறகு, மகனுக்கும் கேட்கும்படி, "திரும்பி வரச்சொல்லி நான் கேக்கமாட்டன். அது உன்ரை விருப்பம். ஆனால் பாடாமல் மட்டும் இருந்திடாதை" என்றாள்.

தக்ஷாயினி குனிந்து அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்தாள். பிறகு படியிறங்கினாள்.

ரொம்மன் நிலையத்தில் ஆட்கள் குறைவு. தண்டவாளத்தின் மேல் ஈரப் பனி விழுந்துகொண்டிருந்தது. எலியாஸ் சற்றுத் தள்ளி நின்றான். அவளைத் தனியே விட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. எந்தக் கச்சேரிக்குப் போகும்போதும் அங்கே நின்று சிரிக்கும் ஹம்சிகா இனி வரமாட்டாள். யார் யாரை மன்னித்தாலும் அதை மாற்ற முடியாது.

அவள் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். தொண்டை சுட்டது. ரயில் வரும் சத்தத்துக்குக் கீழே, யாருக்கும் கேட்காமல், ஒரு சுரம் பிடித்துப் பார்த்தாள். குரல் உடைந்தது. மறுபடி பிடித்தாள்.

மணல் அப்படியே இருந்தது.