முகத்துவாரத்துப் பீரங்கி

சித்திரை வெயிலில் நாள்கணக்காகக் கோட்டைக் கொத்தளத்தின்மேல் காய்ந்து கிடந்த பீரங்கியின் வாயிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இரும்பில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்த மாரி கையை நிறுத்தினான். கொதிக்கும் கல்லில் விழுந்த சொட்டு காயவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கீழே கிடக்கும் ஏரியின் சப்பை உப்பு இல்லை. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்தின் கசப்பு. அவன் அண்ணன் ராஜவேலு போன இடத்துத் தண்ணீர்.

மாரி ஒரு சிப்பியை ஓங்கிக் குத்திப் பெயர்த்தான். கப்பலிலிருந்து கோட்டைக்குப் பீரங்கி ஏற்றி வந்த ஒல்லாந்துக்கார வெள்ளையனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கவிழ்த்தது அவன், முங்கி எடுத்துக் கொடுக்க வேண்டியது குப்பத்து ஆள்கள். முங்குகிறவன் அடியிலிருந்து கல்லால் இரும்பைத் தட்டுவான். ஒற்றைத் தட்டு என்றால் இழு. விட்டு விட்டு இரண்டு என்றால் பொறு, இழுக்காதே. ராஜவேலு இரண்டு தட்டினான். படகிலிருந்த எல்லாருக்கும் கேட்டது. மாரி கத்தினான். பீரங்கிக்கார வெள்ளையன் வடத்தை இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். இரும்பு வந்தது, அண்ணன் வரவில்லை. பீரங்கிக்குச் சேதமில்லை என்று வெள்ளையனுக்குச் சந்தோஷமாம். துபாஷி தாமோதரன் அதையும் தமிழில் மாற்றிச் சொன்னான், பாடையில் போகிறவன்.

அன்றைக்கே மாரியைப் பிடித்துக் கோட்டைக்குள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், வெளியே விடவில்லை. அண்ணனின் பெண்சாதி தேவகி ஒருநாள் கோட்டை வாசலுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். உடல் கிடைக்காமல் போனவனைப் பொழுது சாய்கிற நேரத்தில் உடன்பிறப்பு கரைக்குக் கூப்பிட வேண்டும், அதுவரை அவனுக்குக் காரியம் செய்யக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். தேவகியால் தாலியோடு இருக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை.

"புருசன் பேர நான் சொல்லக் கூடாது. நீதான் கூப்புடணும்," என்றாள். "இன்னா ஆனாலும் பேரச் சொல்லிக் கூப்புடு மாரி. பேர் சொல்லாம கூப்ட்டா, காதுல வாங்குனவன் எவனோ அவன் எழுந்து வருவான்."

மாரி தலையாட்டினான். பிறந்ததிலிருந்து அண்ணன் பேரை அவன் வாயால் சொன்னதில்லை.

வெயில் இறங்கியது. மீன் காயும் வாடையும் வெடிமருந்துக் கிடங்கின் கந்தக நெடியும் ஏரிக்காற்றில் வழக்கம்போல வந்தன, அவற்றுக்கு அடியில் வேறொன்றும் வந்தது, ஈரத் தலைமயிரைப் பல நாள் முடிந்து வைத்து அவிழ்த்தால் வருகிற நாற்றம். அது பீரங்கிக்குள்ளிருந்து வந்தது. மாரி இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். பகல் முழுவதும் வெயில் குடித்த இரும்பு கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தது.

டொக். டொக்.

சூடு ஆறினால் இரும்பு சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் இதில் சூடே இல்லையே. மறுபடியும், விட்டு விட்டு, இரண்டு. பொறு.

தாமோதரன் படியேறி வந்தான். நாளை இந்தப் பீரங்கி வேறொரு கோட்டைக்குக் கப்பலேறுகிறது, இன்னொன்று முகத்துவாரத்திலேயே கிடக்கிறது, அதற்கு மாரிதான் முங்க வேண்டும் என்றான்.

"எங்கண்ணன் இன்னும் கீழதான் கீறான், சாமி."

"இருந்தா, வர்றப்ப கூட்டிக்கினு வா," என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினான் தாமோதரன்.

அந்தச் சிரிப்பில் மாரியின் பயம் எரிந்து போனது. நாளைக்கு இது போய்விட்டால் அண்ணனும் இதோடு போய்விடுவான். ஏரிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், குப்பத்துக் கரையில் ஒரு விளக்கு தெரிந்தது. தேவகி தினமும் போல வந்து நின்றிருந்தாள். வரட்டும். அண்ணன் எழுந்து வந்து இந்தக் கோட்டையைக் கடித்துத் துப்பட்டும். மாரி பீரங்கியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே வாயை வைத்துக் கத்தினான்.

"அண்ணா! வேல முடிஞ்சிது. கரை ஏறு!"

உள்ளே தட்டல் வெறிபிடித்தது. இரண்டு. இரண்டு. இரண்டு. இழுக்காதே, இழுக்காதே.

அப்போதுதான் உறைத்தது. பேர் சொல்லவில்லை.

இந்தப் பீரங்கி தண்ணீரில் விழுவதற்குமுன் எத்தனை கரைகளைச் சுட்டதோ. எத்தனை பேருடைய அண்ணன்மாரைத் தின்றதோ.

விளிம்பில் விரல்கள் வந்தன. வலைக்கயிறு அறுத்த தழும்புள்ள விரல்கள். கருகியவை. அண்ணனுடையவை இல்லை. அவற்றுக்கு மேல் இன்னொரு கை. இன்னொன்று. அந்த வாய்க்குள் ஒரு தலை நுழையாது. நுழைந்தது. நசுங்கி, நீண்டு, வெளியே வந்தது. கல்லில் விழுந்தது. எழுந்தது.

மாரி சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒன்று. பிறகு பல. ஈரக் காலடிகள். முழங்கைகள். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த தாமோதரன் படிப்பக்கம் நிற்பது தெரிந்தது. போங்கடா, அவனைப் பிடியுங்கடா என்று மாரியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருவன்கூடத் திரும்பவில்லை. கோட்டையை யாரும் பார்க்கவே இல்லை. அவர்களை யாரும் கோட்டைக்குக் கூப்பிடவில்லை. கரைக்குத்தான் மாரி கூப்பிட்டிருந்தான்.

சுவரில் வழுக்கி ஏரியில் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில், சத்தமில்லாமல், விளக்கைப் பார்த்து நடந்தார்கள். பீரங்கியின் ஆழத்தில் ராஜவேலு மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

மாரி பேரைச் சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி, ஓடு என்று கத்தப் பார்த்தான். தொண்டையில் காற்றுதான் வந்தது.

அந்தக் கரையில் தேவகி விளக்கை மணலில் வைத்தாள். கூப்பிட்ட குரல் கேட்டுக் குப்பத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் ஓடி வந்தார்கள். தேவகி புருசனுக்கென்று தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முதலில் வந்தது அவள்முன் தலையைக் குனிந்தது. அவள் அழுதுகொண்டே அதன் தலையைத் துவட்டினாள். பிறகு மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முகம் இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்துவிட்டாள்.