தரையில் வரைந்த இயந்திரம்

அந்த வீட்டில் கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போதும் இயந்திரப் பேச்சுதான், தூங்கப் போகும்போதும் இயந்திரப் பேச்சுதான்.

அம்மாவும் சித்தியும் விளையாட்டுச் சட்டைகள் தைக்கிறவர்கள். அம்மா கணினியில் கோடு, நட்சத்திரம், எண் என்று கண்ணைப் பறிக்கும் படங்கள் போடுவாள். சித்தி வெட்டித் தைப்பாள். நடுவில் ஒரு வேலை மட்டும் அவர்கள் கையில் இல்லை. அது, படத்தைத் துணியில் ஏற்றும் வேலை. அதற்கு வெளியே ஓர் அச்சகத்தை நம்பியிருந்தார்கள். போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். மறுநாள் போனாலும் அதே "நாளைக்கு வாங்க"தான்.

அலுத்துப்போன அம்மா, இனி நாமே அச்சடிப்போம் என்று முடிவு செய்துவிட்டாள்.

முதலில் தனி மையில் காகிதத்தில் படத்தை அச்சடிக்க வேண்டும். அந்தக் காகிதத்தை வெள்ளை பாலியஸ்டர் துணிமேல் வைத்து, பெரிய இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கும் இயந்திரத்தில் சூடாக அழுத்த வேண்டும். மை ஆவியாகி நூலுக்குள்ளேயே புகுந்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. காகிதத்தில் அச்சடிக்கும் கருவியை அம்மா ஏற்கெனவே வாங்கிவிட்டாள். சூடாக அழுத்தும் இயந்திரம்தான் பாக்கி.

அதைப் பார்க்க எல்லாரும் கிளம்பிப் போனார்கள். சில்வண்டும் போனாள். பத்து வயதுப் பெண். வாய் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

கடையில் மூன்று வகை இருந்தன. ஒன்று, ஆள் உயர உருளை சுற்றுகிற ராட்சத இயந்திரம். இன்னொன்று, முதலை மாதிரி வாயைத் திறந்து மூடுவது. மூன்றாவதில், துணி வைக்கும் தட்டு மேசை இழுப்பறை போல வெளியே வந்து உள்ளே போனது.

உருளையைப் பார்த்ததும் அப்பாவின் கண்கள் விரிந்தன. விற்பனையாளரும் அதைக் கவனித்துவிட்டார். அதன் பெருமைகளை எல்லாம் அப்பாவிடமே அடுக்கினார். சித்தி கழுத்தில் அளவு நாடாவோடு ஓரமாக நின்றிருந்தாள். கடைக்குக் கிளம்பிய அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருந்தாள்.

"சித்தி, உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள் சில்வண்டு.

"எனக்கென்ன தெரியும்? உங்கப்பா பார்த்துச் சொல்லட்டும்."

சித்தி அப்படிச் சொன்னாலும், முதலைவாய் இயந்திரத்தின் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை. சில்வண்டுக்கு அது என்னவோ போல இருந்தது. சித்தியின் நாடாவை வாங்கி, ஒவ்வொரு இயந்திரத்தையும் நீளம், அகலம், உயரம் அளந்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். எதற்குப் பாப்பா அளவு என்று விற்பனையாளர் சிரித்தபடி கேட்டார்.

"சட்டை தைக்கத்தான்" என்றாள், முகத்தை மாற்றாமல்.

உருளை இயந்திரத்தையே எடுத்துக்கொள்வதாகவும் நாளை பணத்தோடு வருவதாகவும் சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சில்வண்டு வேலை செய்யும் அறைக்குள் புகுந்தாள். நாற்காலிகளை ஒதுக்கினாள். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் உருளை இயந்திரத்தைத் தரையில் அதே அளவில் வரைந்தாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள்.

"மெஷின் வந்தாச்சு. வேலையை ஆரம்பிக்கலாம். அப்பா, நீங்கதான் மெஷின். கோட்டுக்குள்ள நில்லுங்க. மத்தவங்க கோட்டை மிதிச்சா சுட்டுடும்."

அப்பா உற்சாகமாக உள்ளே போய், இரண்டு கைகளையும் உருட்டியபடி நின்றார். "கொர்ர்" என்று சத்தமும் கொடுத்தார்.

ஆனால் வெட்டும் மேசைக்கு இடம் இல்லை. அதை நகர்த்தி நகர்த்தி வாசலிலேயே கொண்டுபோய் வைக்க வேண்டியதாயிற்று. துணி மூட்டையோடு வந்த அம்மா வெளியே மாட்டிக்கொண்டாள்.

"நான் எப்படி உள்ள வர்றது?"

"ஜன்னல் வழியாத்தான்" என்றாள் சில்வண்டு.

அப்பாவின் கை உருளுவது மெல்ல நின்றது. சரி, இது நம் அறைக்கு ஆகாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்து முதலைவாய். இடம் போதுமானதாக இருந்தது. அப்பா ஒரு பலகையைச் சூடான மேல்தட்டு போலச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். சித்தி துணியை விரித்து அதன்மேல் காகிதத்தை நேராக வைக்க வேண்டும். சித்தி குள்ளம். எம்பி, குனிந்து, கையை நீட்டி வைப்பதற்குள் அவள் தலை பலகைக்குக் கீழே போய்விட்டது.

"அசையாதே சித்தி. உன் முடி இஸ்திரி ஆகிட்டிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கடையிலேயே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. நல்லபடியா பேசிட்டிருக்கும்போது நடுவுல எதுக்குன்னு சும்மா இருந்துட்டேன்."

அப்பா பலகையைக் கீழே இறக்கி வைத்தார்.

"நாள் முழுக்க அது முன்னால நிக்கப்போறது நீதாம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம விட்டுட்டேனே" என்றார்.

மூன்றாவதற்கு, மடித்த போர்வைதான் இழுப்பறைத் தட்டு. சித்தி அதை இழுத்தாள். சூட்டிலிருந்து தள்ளி நின்று நிதானமாகத் துணியை விரித்தாள், காகிதத்தை வைத்தாள், உள்ளே தள்ளினாள். அப்பா "டிங்" என்றார். மறுபடி இழுத்தாள், தள்ளினாள். போகப் போக அவள் வேகத்துக்கு அப்பாவால் "டிங்" சொல்லி மாளவில்லை.

பெரிய சட்டையும் இதில் அடங்குமா என்று அம்மா கேட்டாள். வீட்டிலேயே பெரிய சட்டை அப்பாவுடையதுதான். சித்தி அதன் முன்பக்கத்தை வைத்துப் பார்த்தபோது நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

"சட்டைக்கு மூச்சு இல்லையேப்பா" என்றாள் சில்வண்டு.

மறுநாள் கடைக்குள் சித்திதான் முதலில் நுழைந்தாள். இழுப்பறை வகையிலேயே அடுத்த அளவைக் காட்டச் சொன்னாள். விற்பனையாளர் முந்தின நாள் போலவே அப்பாவைப் பார்த்தார். அவங்ககிட்டயே பேசுங்க, அவங்கதான் முதலாளி என்றார் அப்பா. சித்தி தட்டைத் தன் கையாலேயே பலமுறை இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இயந்திரம் வந்து இறங்கிய அன்றே, அப்பாவின் அளவில் வெட்டிய துணியில் முதல் சட்டையை அச்சடித்தார்கள். தங்கள் தொழிலுக்கு வைத்த பெயரான "துள்ளல்" என்பதை அம்மா பெரிய சிவப்பு எழுத்தில் போட்டிருந்தாள். சித்தி தட்டை இழுத்துக் காகிதத்தை உரித்தாள். துணியில் நிறம் தகதகவென்று பிடித்திருந்தது. ஆனால் எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தன. காகிதத்தில் படத்தைத் திருப்பி அச்சடித்தால்தான் துணியில் நேராக வரும். சந்தோஷத்தில் அம்மா அதை மறந்தே போனாள்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவோ, அது தன் அளவுச் சட்டைதானே, தனக்கே தைத்துத் தரும்படி கேட்டார். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வேன் ஓட்டப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கூடவே ஒருவரை அழைத்து வந்தார். அவர் கால்பந்துப் பயிற்சியாளர். சிக்னலில் வேனுக்கு முன்னால் பைக்கில் நின்றிருந்தாராம். பைக்கின் கண்ணாடியில் "துள்ளல்" என்று நேராகத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் எழுத்து இடம் வலமாக மாறிக் குழப்பியிருக்கிறது. மறுபடி கண்ணாடி, மறுபடி சட்டை என்று மாறி மாறிப் பார்த்து அசந்துபோய், வண்டியை ஓரம் கட்டி விசாரித்திருக்கிறார்.

அவருடைய அணி முழுவதற்கும் சட்டை வேண்டுமாம்.

"எங்களுக்கு மட்டும் எழுத்து நேரா வர்ற மாதிரி போட்டுக் கொடுக்க முடியுமா?" என்று அவர் கொஞ்சம் தயங்கியபடி கேட்டார்.

சித்தி கன்னத்தில் கைவைத்து யோசிப்பது போல நின்றாள்.

"நேராவா? அது கொஞ்சம் கஷ்டமாச்சே" என்றாள். பிறகு மற்ற எல்லாரையும்விடப் பெரிதாக அவளேதான் சிரித்தாள்.